கண்டபடி எடுப்பதும் சமவாய்ப்பும் ஒன்றல்ல

வணக்கம். உங்கள் ஆய்வுக்காக 400 வீடுகளில் 50 வீடுகளை எந்த ஒழுங்கும் இன்றிக் கண்டபடி தேர்ந்ததாகவும், அதைச் சமவாய்ப்பு மாதிரி (random sample) என்று உங்கள் வழிகாட்டி ஏற்க மறுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வழிகாட்டி சொல்வதே சரி என்று கருதுகிறேன்.

'random' என்பதைப் பேச்சு வழக்கில் 'தற்செயல்' என்கிறோம்; அது திட்டமின்மையைக் குறிக்கும். புள்ளியியலிலோ அது தேர்ந்தெடுக்கும் முறையின் பண்பு. ஒவ்வொரு வீடும் தேர்வாகும் வாய்ப்பு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தமிழகப் பாடநூல்களின் 'சமவாய்ப்பு' என்னும் சொல் இதை ஓரளவு உணர்த்துகிறது; இலங்கையில் 'எழுமாற்று' என்பார்கள்.

நல்லெண்ணத்தோடு குலுக்கினால்கூடத் தவறு நேரலாம். 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் கட்டாயப் படைச்சேர்ப்புக்காக, 366 பிறந்த தேதிகளைச் சிறு குப்பிகளில் இட்டுக் குலுக்கி எடுத்தார்கள். மாதவாரியாகப் பெட்டியில் போடப்பட்ட குப்பிகள் போதுமான அளவு கலக்கப்படாததால், ஜனவரியில் பிறந்தவர்களின் வரிசை எண் சராசரி ஏறத்தாழ 201 ஆகவும், டிசம்பரில் பிறந்தவர்களுடையது ஏறத்தாழ 121 ஆகவும் அமைந்தன. குறைந்த எண் பெற்றவர்களே முதலில் போருக்கு அழைக்கப்பட்டார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

மனிதக் கை குப்பியைவிட மோசமானது. திறந்திருக்கும் கதவு, நாய் இல்லாத வாசல், சாலையோர வீடு ஆகியவற்றையே நம் கால்கள் நாடும். ஆகவே 400 வீடுகளுக்கும் எண்ணிட்டு, சமவாய்ப்பு எண் அட்டவணையிலிருந்தோ (எந்த ஒழுங்குமின்றி அமைந்த எண்களின் பட்டியல்) கணினியிலிருந்தோ 50 எண்களை எடுங்கள். பூட்டிய வீடு வந்தால் பக்கத்து வீட்டுக்கு மாறாமல், மீண்டும் அங்கேயே செல்லுங்கள்.