நினைவை மாற்றுவது என்றால் என்ன? அதை மாற்றலாமா?

பழைய சம்பவம் ஒன்றை நினைக்கும்போது, மூளையில் அந்த நினைவு கொஞ்ச நேரம் இளகி, மறுபடி இறுகுகிறது. அந்த நேரத்தில் மருந்து கொடுத்து அதன் பயத்தைக் குறைக்கப் பார்ப்பதுதான் இது. கித்துள் கருப்பட்டியை உருக்கித் திரும்பவும் சிரட்டையில் ஊற்றுவது போல. இளகியிருக்கும்போது இஞ்சி போட்டால், இறுகிய பிறகும் அந்த ருசி இருக்கும்.

நினைவு மீண்டும் பதிய மூளைக்குப் புதிய புரதம் வேண்டும். 2000இல் மூளை ஆய்வாளர் கரீம் நாதரும் சகாக்களும் எலிகளில் அந்தப் புரதம் உருவாவதைத் தடுத்தபோது, முன்பு கற்ற பயமே குறைந்துவிட்டது.

சரி, மாற்றலாமா? இலங்கை மலையகத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. அப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அம்மா, தகரத்தில் மழை விழுந்தாலே நடுங்குகிறார் என்று வைப்போம். அந்த நடுக்கத்தைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் முடிவு அவருடையது. மகனோ தோட்ட நிர்வாகமோ எடுப்பதல்ல. நடந்ததற்கு அவர் சாட்சியும்கூட.

சிகிச்சைக்கு அவர் நடந்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டிவரலாம். லயத்தில் மெதுவாகப் பேசினாலும் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். போனில் பதிந்தால் இன்னும் தூரம் போகும். உடல்நலத் தகவலுக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்கிறது இலங்கையின் 2022ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பதிவு யாரிடம் இருக்கும் என்று முதலிலேயே கேளுங்கள்.

மருந்து கொடுத்தால் நடந்ததே மறந்துபோகும் என்று பலர் நினைக்கிறார்கள். மனிதர்களிடம் சோதித்த புரொப்ரனலோல் போன்ற மருந்துகளின் நோக்கம் பயத்தைத் தணிப்பது மட்டுமே. சம்பவம் நினைவில் இருக்கும்.