மதிலைப் பார்க்குமுன் வரைபடத்தைப் பாருங்கள்

முல்லைத்தீவு நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பக்கத்து வளவுக்காரர் கிரவல் கொட்டிக் காணியை உயர்த்தி மதிலும் கட்டிவிட்டார். போன ஐப்பசியில் ஓர் இரவு இடியோடு கொட்டிய மழையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் வீட்டுக்குள் ஏறிவிட்டது. இரண்டு தையல் மெசினும் தைக்கக் கொடுத்திருந்த துணிகளும் நாசம். கேட்கப்போனால் ஏசுகிறாராம், வெளிநாட்டுக் காசுத் திமிராம். வழக்குப் போடலாமா என்கிறார்.

ஏச்சையும் காசையும் விடுங்கள். மதில் வருமுன் மழைத்தண்ணீர் எந்த வழியால் போனது? வழக்கு அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. மேட்டுக்காணியிலிருந்து இயல்பாக வடியும் தண்ணீரைப் பள்ளக்காணிக்காரர் மறிக்க முடியாது. இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டம் அப்படி. கிரவல் கொட்டுமுன் பள்ளமாக இருந்தது அவருடைய காணி என்றால் அது உங்களுக்குச் சாதகம். எதிர்த்தரப்பில் 'கடவுள் பெய்வித்த மழை, எங்கள் பிழையல்ல' என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடிமழை வன்னிக்குப் புதிதா? அது பெரிய வாதமல்ல. ஆனால் 2018 டிசம்பரில் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் வெள்ளத்தில் கிடந்தபோது உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? வந்திருந்தால், மதில் இல்லாத காலத்திலும் வந்ததே என்பார்கள். அதற்குப் பதில் வேண்டும்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. வழக்கென்றால் காணியை அளக்கச் சொல்லி நீதிமன்றத்திலிருந்து கொமிசன் (கட்டளை) போகும், நில அளவையாளர் வருவார், உங்கள் காணியையும் சேர்த்தே அளப்பார். என்னிடம் வந்த ஒருவர் இதே முறைப்பாட்டோடுதான் வந்தார். வரைபடம் வந்தபோது அவருடைய குளியலறைச் சுவரே வாய்க்கால் ஒதுக்கிடத்துக்குள் நாலடி நின்றது. எதிர்த்தரப்புக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. இடித்தது அவருடைய சுவர்தான். மீள்குடியேறியபோது எல்லைக்கல் தேட யாருக்கு நேரம் இருந்தது? பெர்மிட்டும் (அரச காணி அனுமதிப்பத்திரம்) உறுதியும் இடப்பெயர்வில் போய்விட்டன, பலரும் கண்மதிப்பில்தான் வேலி போட்டோம். ஆகவே முதலில் உங்கள் செலவில் ஒரு அளவையாளரைக் கூட்டிப்போய்ப் பாருங்கள். மற்றவர் வரைபடத்தில் உங்கள் பிழையைப் பார்க்கும் நிலை வேண்டாம்.

இன்னொன்று. அடுத்த மழை இரவில் உங்கள் மகன் அலவாங்கோடு போய் மதிலில் இரண்டு கல்லைத் தட்டிவிட்டால், விடிய பொலிஸில் நிற்பது நீங்கள். அன்றோடு முறைப்பாட்டுக்காரர் அவராகிவிடுவார்.

என் யோசனை, சமாதானம். மத்தியஸ்த சபையில் மதிலுக்கடியில் தண்ணீர் போக ஹியூம் பைப் (கொங்கிரீட் குழாய்) வைக்கக் கேளுங்கள். செலவில் பாதி கேட்டால் கொடுங்கள். பிழை அவருடையது, பிறகேன் நான் கொடுக்க வேண்டும் என்று கோபம் வரும். வரட்டும். வருடக்கணக்கில் தவணைக்குப் போய்வரும் பஸ் காசைவிட அது குறைவு. ஒன்று மட்டும்: உறுதிக்காணி என்றால் அந்தத் தண்ணீர் வழியுரிமையை நொத்தாரிசிடம் எழுதிப் பதியுங்கள். வாய்ப்பேச்சு, காணி கைமாறும் நாளில் போய்விடும்.

அவர் மசியாவிட்டால் நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம்தான், அந்த இரவிலிருந்து எண்ணுங்கள். அதுவரை சுவரில் இருக்கும் சேற்றுக்கோட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்காதீர்கள். அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்து இன்றே படம் எடுத்துவையுங்கள்.