பட்டையை இறுக்கினால் கடிக்க வரும் குதிரை

கேள்வி: ஏழு வயதுப் பெட்டைக் குதிரை, குழந்தை மாதிரி இருந்தது. இரண்டு மாதமாகச் சேணப்பட்டையை இறுக்கினாலே காதை மடக்கிக் கடிக்க வருகிறது, ஓட்டத்தில் வலப்பக்கம் திரும்ப மறுக்கிறது. நொண்டல் இல்லை, தீனியும் குறையவில்லை. திமிர் ஏறிவிட்டது, நாலு போடு என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: தயவுசெய்து அடிக்காதீர்கள். ஏழு வருடம் சாதுவாக இருந்த குதிரைக்கு இரண்டே மாதத்தில் திமிர் வராது, எங்கேயோ வலிக்கிறது. வேட்டையாடப்படும் இனம் என்பதால் வலியை வெளியே காட்டாமல் இருப்பது அதன் பிறவிக் குணம். நொண்டல் இல்லை என்பதை வைத்தும் நிம்மதியாக இருக்க முடியாது, முன்னங்கால் இரண்டிலும் ஒரே அளவு வலி இருந்தால் தலையாட்டி நொண்டாது, அடியைச் சுருக்கிச் சுருக்கி வைக்கும், அவ்வளவுதான். சூ டைசன் என்ற கால்நடை மருத்துவர், சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டிருக்கிறார். காதை மடக்குவது, வாலைச் சுழற்றுவது, வாயைத் திறப்பது எல்லாம் அதில் உண்டு. எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம்.

பட்டைக்கு எரிச்சல் என்றதும் வயிற்றுப்புண் என்பார்கள். இருக்கலாம், குதிரையின் இரைப்பையில் தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போதுதான் ஊறும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் திரும்ப மறுக்கிறது என்கிறீர்களே, அதனால் நான் முதுகையும் கால்களையும் பல்லையும்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

சேணத்தைக் கழற்றியதும் வியர்வையைப் பாருங்கள். எல்லா இடமும் நனைந்திருக்க, உள்ளங்கை அளவு ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் சேணம் அங்கே அழுத்துகிறதோ என்று பார்க்க வேண்டும். வெள்ளை முடி முளைத்திருந்தால் பழைய அழுத்தக் காயம். அப்புறம் விரல் நுனியால் முதுகெலும்பின் இருபுறமும் தோளிலிருந்து இடுப்பு வரை மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள், பின்னங்காலுக்கு நேர் பின்னால் மட்டும் நிற்காதீர்கள். வலி இருந்தால் அந்த இடத்தில் முதுகைக் கீழே இறக்கும், அல்லது தசை கல் மாதிரி இறுகும். அந்த நேரம் முகத்தையும் ஒருவர் கவனிக்கட்டும், கண்ணுக்கு மேலே மடிப்பு விழுந்து மூக்குத்துளை இறுகும்.

மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை சவாரி வேண்டாம். கையில் இருக்கும் வலி மாத்திரையையும் கொடுக்காதீர்கள், வயிற்றுப்புண் இருந்தால் அது இன்னும் மோசமாகும். கடைவாய்ப் பற்களைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள், மேல்வரிசையின் வெளி ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழித்திருக்கலாம். இன்னொன்று, பட்டை இறுக்கும்போதும் இருபுறமும் வட்டமாக நடத்தும்போதும் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள், ஏனென்றால் புது ஆள் முன்னால் அது ஒன்றுமே இல்லாதது போல நின்றுவிடும்.