கொல்லைக் கேள்விகள்: உப்பு அடுப்படியிலேயே இருக்கட்டும்

கேள்வி: வீட்டுக் கொல்லையில் நாலைந்து பாத்தி போட்டு முளைக்கீரை, கத்தரி, வெண்டை வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து, காலையில் போய்ப் பார்த்தால் நாற்றில் காம்பு மட்டும் நிற்கிறது. மண்ணில் பளபளவென்று கோடு. இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஓடில்லாத கறுப்பு நத்தைகள். பக்கத்து வீட்டு அக்கா கல் உப்பைத் தூவச் சொல்கிறார். மாமியார் முட்டை ஓட்டை நொறுக்கிப் போடச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, திருவையாறு

பதில்: முதலில் உப்புச் சட்டியைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிடுங்கள், அம்மா. உப்புப் பட்டால் நத்தையின் உடம்பிலுள்ள நீரெல்லாம் வெளியேறி அது செத்துப்போகும் என்பது உண்மைதான். ஆனால் அடுத்த மழையில் அந்த உப்பு கரைந்து கத்தரியின் வேருக்குத்தானே போகும்? 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது நாகப்பட்டினம் பக்கம் கடல்நீர் ஏறி நின்ற வயல்களைப் பார்த்தவள் நான். அந்த மண்ணைத் தேற்ற, நல்ல தண்ணீரைக் கட்டுவதும் வடிப்பதுமாக விவசாயிகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. காசு கொடுத்து வாங்கிய உப்பை நம் கையாலேயே பாத்தியில் போடுவதை என்னால் ஏற்கவே முடியாது.

மாமியார் சொன்ன முட்டை ஓட்டால் கெடுதல் இல்லை. நத்தை விஷயத்தில் பலனும் இல்லை. இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் முட்டை ஓடு, செம்புப் பட்டை, பருமணல், மரப்பட்டைச் சிராய், கம்பளி உருண்டை ஆகியவற்றை லெட்டூஸ் கீரையைச் சுற்றிப் போட்டுச் சோதித்தது. எதுவுமே போடாத செடிக்கும் இவற்றைப் போட்ட செடிக்கும் சேதத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2018-இல் அறிவித்தது. சாம்பலும் சுண்ணாம்புத் தூளும் காய்ந்திருக்கும்வரை கொஞ்சம் தடுக்கும். ஐப்பசி அடைமழையில் அவை எத்தனை மணி நேரம் காய்ந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முட்டை ஓட்டை எருக்குழியில் போடுங்கள், மாமியாருக்கும் மனம் நிறையும்.

நத்தையைப் பாத்தியில் தேடாதீர்கள். பாத்தி அது சாப்பிட வருகிற இடம். ஓடில்லாத உடம்பு என்பதால் வெயிலும் காற்றும் பட்டால் வறண்டுவிடும். பகலெல்லாம் ஈரமும் இருட்டும் உள்ள இடத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்துவிட்டு, இருட்டியபின் மேய வரும். அது படுக்கிற இடத்தைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நாளைக் காலை பத்து மணிக்கு, வெளிச்சம் நன்றாக இருக்கும்போது, கொல்லைக்குப் போங்கள். பூந்தொட்டி ஒவ்வொன்றையும் தூக்கி அடியைப் பாருங்கள். பாத்திக்கு வரப்பாக வைத்த செங்கலைப் புரட்டுங்கள். தென்னை மட்டை, உரித்துப் போட்ட தேங்காய் மட்டைக் குவியல், வெட்டிய வாழைத் தண்டு, கிணற்றடியில் துவைக்கிற கல், தண்ணீர் ஓடுகிற காலோரம் கிடக்கும் பழைய பலகை, எதையும் விடாதீர்கள். தொட்டியின் அடியில் தட்டையாக, தோல் துண்டு ஒன்று ஒட்டியிருப்பதுபோல ஒரு கரும்பழுப்பு உருவம் தெரியும். முதுகின் நடுவில் வெளிறிய கோடு ஓடும். கொம்புகளை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் கிடப்பதால், பழகாத கண்ணுக்கு மண்ணோடு மண்ணாகத்தான் தெரியும். பக்கத்து ஈர மண்ணை விரலளவு கிளறினால் ஒளி ஊடுருவும் முட்டைகள் கொத்தாக வரும். அதையும் விடாமல் எடுத்துவிடுங்கள். இந்த இனத்தில் ஒவ்வொன்றுக்குள்ளும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உண்டு. எல்லாமே முட்டையிடும். புரட்டாசியிலேயே பொறுக்கினால் கார்த்திகையில் உங்களுக்குப் பாதி வேலைகூட இருக்காது.

புரட்டிப் பார்த்த பொருளில் தேவையில்லாததை வெளியேற்றுங்கள். தேவையானதைக் கல்லின்மேல் தூக்கி வைத்து, அடியில் காற்று ஓடும்படி செய்யுங்கள். இதை மட்டும் ஒழுங்காகச் செய்த கொல்லைகளில் நத்தைத் தொல்லை கண்கூடாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது இரவு வேட்டை. இரவுச் சாப்பாடு முடிந்து, தூறல் நின்ற வேளையில் டார்ச்சும் வாளியும் எடுத்துக்கொண்டு போங்கள். வாளியில் சோப்புத்தூளைக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். கையில் உறை போட்டுக்கொண்டு, அல்லது பழைய இடுக்கியால், ஒவ்வொன்றாக எடுத்துப் போடுங்கள். செத்தவற்றைக் குழி தோண்டிப் புதையுங்கள். வெறுங்கையில் பட்டுவிட்டால் உடனே தண்ணீரில் கழுவாதீர்கள். அந்தக் கோழை நீரைக் குடித்து இன்னும் வழுவழுப்பாகும். காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்து உருட்டி எடுத்துவிட்டுப் பிறகு சோப்புப் போடுங்கள்.

தினமும் இரவில் நிற்க முடியாதவர்களுக்குச் சாக்குப் பொறி இருக்கிறது. பழைய சணல் சாக்கை நனைத்துப் பிழிந்து, பொழுது சாயும்போது பாத்தி ஓரத்தில் விரித்து, அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வையுங்கள். வாழை மட்டையைக் கவிழ்த்து வைத்தாலும் சரி. விடிந்து வெயில் ஏறுமுன் புரட்டினால் அடியில் கூடியிருக்கும். ஒருநாள் மறந்தாலும் அந்தச் சாக்கு நீங்களே அவற்றுக்குக் கட்டிக்கொடுத்த வீடாகிவிடும், ஆகவே தினமும் பார்க்க முடிந்தால் மட்டும் விரியுங்கள். மழை விட்ட நாள்களில் கொட்டாங்கச்சியை மண்ணில் பதித்து, சர்க்கரைத் தண்ணீரில் ரொட்டிக் கடை ஈஸ்ட்டை ஒரு சிட்டிகை கலந்து ஊற்றிவைக்கலாம். புளித்த வாடைக்கு வந்து விழும். விளிம்பு மண்ணுக்கு மேல் ஒரு விரற்கடை உயர்ந்திருக்கட்டும். இல்லையென்றால் நத்தையைத் தின்கிற நல்ல வண்டுகளும் அதில் விழுந்து சாகும்.

மாலையில் தண்ணீர் ஊற்றுகிற வழக்கம் இருந்தால் இன்றோடு காலைக்கு மாற்றுங்கள். இரவில் மேல்மண் உலர்ந்திருந்தால் நத்தையால் நெடுந்தூரம் ஊர முடியாது. நாற்றைச் சுற்றிப் பரப்பிய வைக்கோலை ஐந்தாறு இலை விடும்வரை விலக்கி வையுங்கள். மூடாக்கு எனக்கும் மிகவும் பிடித்த விஷயம்தான், சித்திரை வெயிலில் அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். நம் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிறதே, அந்த வெடிப்புகளுக்குள்தான் இவை இறங்கி மழைக்காகக் காத்திருக்கும். சித்திரை, வைகாசியில் காலிப் பாத்தியைக் கொத்திப் புரட்டிக் காயவிட்டால் முட்டையும் குஞ்சும் வெயிலிலும் மைனாவின் வாயிலும் தீர்ந்துவிடும்.

ஒரு சந்தேகம் மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். இலையில் ஓட்டையோடு சின்னச் சின்னப் புழுக்கையும் கிடந்தால் அது புழுவின் வேலை. நத்தையின்மேல் பழி போடாமல் இலையின் அடிப்பக்கத்தைத் தேடுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் உள்ளங்கை அளவு ஓடுள்ள பெரிய நத்தைகள் பப்பாளியிலும் வாழையிலும் ஏறுகின்றன. மருந்துக் கடையில் நத்தைக்கென்று குருணை தருகிறார்கள். மாடும் நாயும் இருக்கிற வீடு. போடலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: போடாதீர்கள், ஐயா. அந்தக் குருணையில் பெரும்பாலும் மெட்டால்டிஹைடு என்ற நஞ்சு இருக்கும். நத்தையை இழுப்பதற்காகத் தீனியோடு கலந்து செய்வதால் நாயும் அதை விரும்பித் தின்னும். தின்ற சில மணி நேரத்தில் உடல் நடுங்கி வலிப்பு வரும். மாட்டுக்கும் ஆபத்து. குருணைதான் வேண்டும் என்றால் இரும்பு பாஸ்பேட் கலந்தது கிடைக்கிறதா என்று கேளுங்கள். கால்நடைக்கு அது எவ்வளவோ மேல், ஆனாலும் மூட்டையைத் திறந்து வைக்கக் கூடாது.

நீங்கள் சொல்வது ஆப்பிரிக்கப் பெருநத்தை. பென்சன் என்ற நத்தை ஆராய்ச்சியாளர் 1847-இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து ஒரு தோட்டத்தில் விட்டார். அங்கிருந்துதான் நாடெங்கும் பரவியது. ஒரே ஈட்டில் நூறு, இருநூறு முட்டைகூட இடும். இதற்கும் பொறுக்குவதுதான் முதல் வைத்தியம், சாக்கும் பப்பாளி இலையும் இங்கே இன்னும் நன்றாக வேலை செய்யும். பொறுக்கியதை வாய்க்காலிலோ தெருவிலோ வீசிவிடாதீர்கள், ஓட்டை நசுக்கி ஆழப் புதையுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரையும் சேர்த்துக்கொண்டு ஒரே வாரத்தில் செய்தால்தான் பயன். உங்கள் வேலியோடு அது நிற்பதில்லையே.

கேள்வி: வாத்து வளர்த்தால் நத்தை ஒழியுமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: தின்னும், தம்பி. கூடவே உங்கள் கீரை நாற்றையும் தின்னும். விதைப்பதற்கு முன்னால் காலிப் பாத்தியில் மேயவிட்டுப் பிறகு அடைத்துவிடுங்கள். கூலி கேட்காத ஆட்கள் உங்கள் கொல்லையிலேயே இருக்கிறார்கள். செம்போத்து பெருநத்தையையே குத்தித் தின்னும். தேரையும் பூரானும் சிறியவற்றைப் பிடிக்கும். மின்மினியின் புழுப் பருவத்துக்கு நத்தைதான் உணவு. வேலியோரப் புதரை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விடுங்கள். கொல்லை விளக்கை இரவு முழுவதும் எரிய விடாதீர்கள், வெளிச்சத்தில் மின்மினிகள் இணை சேர முடியாமல் போகும்.

கேள்வி: நத்தை ஊர்ந்த கீரையைச் சமைக்கலாமா?
– வாசகி, பாபநாசம்

பதில்: நன்றாகச் சமைத்தால் பயமில்லை. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் எலிப் புழுக்கை வழியாக நத்தைக்குள் போகும். அந்த நத்தையோ, இலை மடிப்பில் ஒட்டிய அதன் சின்னக் குட்டியோ பச்சையாக நம் வயிற்றுக்குள் போனால் மூளைச் சவ்வு வீங்கிக் கடுமையான தலைவலியும் கழுத்து இறுக்கமும் வரலாம். குழந்தைகளை நத்தையோடு விளையாட விடக் கூடாது என்பதும் இதனால்தான். ஒவ்வொரு இலையையும் தனித்தனியாகப் பிரித்து, ஓடுகிற தண்ணீரில் இருபுறமும் தேய்த்துக் கழுவுங்கள். கழுவினாலே போதும் என்று இருந்துவிடாதீர்கள். மழைக்காலம் முடியும்வரை கொல்லைப் புதினாவையும் கொத்தமல்லியையும் பச்சையாக அரைக்காமல், எண்ணெயில் நன்றாக வதக்கித் துவையல் அரையுங்கள்.