பத்து மாதம் பூட்டிக்கிடக்கும் ஈசிஆர் வீடு: காவலுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

கேள்வி: நாங்கள் 19 வருடமாக சிங்கப்பூரில் இருக்கிறோம். சென்னை வெட்டுவாங்கேணியில், ஈசிஆரிலிருந்து (கிழக்குக் கடற்கரைச் சாலை) கொஞ்சம் உள்ளே தள்ளி, மாமனார் கட்டிய வீடு இருக்கிறது. கீழே இரண்டு படுக்கையறை, மாடியில் தனி வாசலோடு ஒரு சின்ன போர்ஷன். மாமனார் 2021-ல் தவறிவிட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. மாமியார் எங்களோடு இங்கே வந்துவிட்டார். நாத்தனார் பெங்களூரில் இருக்கிறார். பள்ளி விடுமுறைக்கு ஜூனில் மூன்று வாரம், டிசம்பரில் மூன்று வாரம் போய்த் தங்குவதோடு சரி. மற்ற நாளெல்லாம் வீடு பூட்டியே கிடக்கிறது. போன மாதம் இரண்டு வீடு தள்ளி பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி இரண்டு ஷிப்டுக்கு மாதம் 36,000 ரூபாய் கேட்கிறது. கேமரா, அலாரம் எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய் என்று இன்னொரு கொட்டேஷன் வந்திருக்கிறது. கணவரின் சித்தப்பா மகன், "ஒரு ஜெனரல் பவர் எழுதிக் குடுங்க அண்ணி, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்று பொது அதிகாரப் பத்திரம் கேட்கிறார். பேசாமல் விற்றுவிடலாமா என்றும் தோன்றுகிறது. எதற்குச் செலவழிப்பது, எதை விடுவது?
- வாசகி, சிங்கப்பூர்

பதில்: பக்கத்து வீட்டில் பூட்டு உடைந்தால் நம் வீட்டுப் பூட்டை நினைத்துத் தூக்கம் போவது இயல்புதான். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு இடம். "உயில் எதுவும் எழுதவில்லை" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதைப் பார்ப்போம்.

மாதம் 36,000 என்றால் பத்து மாதத்துக்கு 3,60,000 ரூபாய். வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வருடத்தில் ஆறு வாரம் தங்குகிற வீடு என்பதால் நானே கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு பிரிட்ஜ், ஒரு வாஷிங் மெஷின், டிவி, இரண்டு ஏசி, கட்டில், பீரோ, மாமியாரின் பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள். இன்றைய விலைக்குத் தாராளமாகப் போட்டாலும் மூன்று, மூன்றரை லட்சத்தைத் தாண்டாது. அந்தச் சாமானைக் காக்க வருடா வருடம் அதே அளவு பணம் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. நகை மட்டும் வீட்டில் இருக்கவே கூடாது. வங்கி லாக்கரில் வையுங்கள். அங்கேயும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: திருட்டு, தீ, ஊழியர் மோசடியால் லாக்கர் பொருள் போனால், ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கோடு முடிந்துவிடும். 4,000 ரூபாய் வாடகை லாக்கர் என்றால் 4 லட்சம். அதற்கு மேல் நகை இருந்தால் தனியாக இன்ஷூர் செய்யுங்கள்.

சரி, திருட்டை விட்டுவிடலாமா? விட வேண்டாம். ஆனால் பூட்டிய வீட்டுக்குத் திருடனைவிட அதிகச் சேதம் செய்வது மழையும் கரையானும் கடல் உப்புக்காற்றும்தான். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடம் முன்பு மகள் பிரசவத்துக்காக நானும் மனைவியும் ஐந்து மாதம் அமெரிக்கா போயிருந்தோம். நங்கநல்லூர் வீட்டைப் பூட்டி, இரண்டு பூட்டுக்கு மேல் மூன்றாவதாக ஒரு திண்டுக்கல் பூட்டும் போட்டுவிட்டுப் போனேன். ஐப்பசி மழையில் பக்கத்து வேப்பமரத்து இலை மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயை அடைத்துக்கொண்டது. தேங்கிய தண்ணீர் மாடிப்படி வழியாக இறங்கி ஹாலில் நின்று, அலமாரியின் அடித்தட்டு உப்பி, கதவு திறக்க முடியாமல் போயிருந்தது. இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார். என்ன சேதம் என்று அவர் முதலில் கேட்கவில்லை. "கடைசியா இந்த வீட்டை எப்ப சார் திறந்தீங்க?" என்றார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பைசா வரவில்லை. மூன்று பூட்டும் பத்திரமாக இருந்தன!

அதனால் பூட்டுவதற்குச் செலவழிக்கிற பணத்தைத் திறப்பதற்குச் செலவழியுங்கள் என்பேன். உங்களிடம் அதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது: தனி வாசலோடு மாடி போர்ஷன். அந்த அளவு போர்ஷன் உங்கள் தெருவில் 16,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 12,000-க்கு விடுங்கள். குறைக்கிற 4,000 ரூபாய்தான் வாட்ச்மேன் சம்பளம். வருடத்துக்கு 48,000. ஏஜென்சி கேட்டதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை, போதாததற்கு வாடகையும் வருகிறது. ராத்திரி மாடியில் லைட் எரியும், காலையில் வாசல் தெளித்துக் கோலம் இருக்கும், கேட்டில் பைக் நிற்கும். இதைவிடப் பெரிய அலாரம் கிடையாது. மொட்டை மாடிக் குழாயில் இலை அடைத்தால் முதலில் அவர் தலையில்தான் ஒழுகும், உங்களுக்கு உடனே போன் வரும்.

வாடகைக்கு விடும்போது வரி விஷயத்தில் ஒரு தலைவலி இருக்கிறது. வெளிநாட்டில் வசிப்பவருக்குச் சேரும் வாடகையில், எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும், வாடகைதாரர் 31.2 சதவீதத்தை டிடிஎஸ்ஸாக, அதாவது முன்கூட்டிய வருமான வரியாக, பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். நாத்தனார் இந்தியாவிலேயே இருப்பதால், 12,000-ல் அவருடைய மூன்றில் ஒரு பங்குக்கு (ஏன் மூன்றில் ஒன்று என்பதை உயில் விஷயத்தில் சொல்கிறேன்) இந்தப் பிரச்சினை இல்லை. உங்கள் கணவர், மாமியார் பங்கான 8,000 ரூபாயில் மாதம் 2,496 பிடிக்க வேண்டும். இதற்காக வாடகைதாரர் டான் எண் (வரி பிடிப்பவருக்கு வருமான வரித்துறை தரும் எண்) வாங்கி, காலாண்டுக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இதைக் கேட்டதும் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். எனவே அந்த வேலையை உங்கள் ஆடிட்டரே செய்து கொடுப்பார், கூலி உங்களுடையது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிடித்த பணம் எங்கும் போகாது. இந்தியாவில் வேறு பெரிய வருமானம் இல்லையென்றால், புதிய வரி முறையில் ஒவ்வொருவருக்கும் 4 லட்சம் வரை வரி கிடையாது. ரிட்டர்ன் போட்டால் வருடம் 29,952 ரூபாயும் திரும்பி வரும். வாடகையை என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான வங்கிக் கணக்கு) வாங்குங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி பதிவும் செய்துவிடுங்கள். அட்வான்ஸாக அந்தச் சட்டம் சொல்வது மூன்று மாத வாடகை. பத்து மாத அட்வான்ஸ் காலம் நடைமுறையில் முடிந்ததா என்று கேட்காதீர்கள்.

மாடிக்காரரிடம் கீழ் வீட்டுச் சாவியைக் கொடுக்காதீர்கள். சாவி, வாரம் ஒருநாள் வந்து ஜன்னல் திறந்து, பெருக்கி, குழாயையும் பிளஷ்ஷையும் ஓடவிட்டு, பூட்டிவிட்டுப் போகிற ஒரு அம்மாவிடம் இருக்கட்டும். அவருக்கு மாதம் 2,500 கொடுங்கள். ஒருவர் செய்வது இன்னொருவர் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

எல்லாப் பொறுப்பையும் ஒரே ஆளிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் வாடிக்கையாளர் ஒருவரின் கதை. ஈசிஆரில் அவர்களுடைய பங்களா, குடும்பம் அமெரிக்காவில். நம்பிக்கையான ஒரு கேர்டேக்கர். வருடாந்தரச் செலவுக் கணக்கைப் போடும்போது ஈபி பில்லைப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு 612 யூனிட். ஆள் இல்லாத வீட்டில் ஏசி யாருக்கு ஓடுகிறது? விசாரித்தால், சனி ஞாயிறுக்குப் பிறந்தநாள் பார்ட்டிகளுக்கு வீடு வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தது, ஒன்றரை வருடமாக! அதிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளர் எல்லோருக்கும் நான் சொல்வது: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈபி ரீடிங் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், பூட்டிய வீட்டுக்குக் கட்ட வேண்டிய தொகை பூஜ்யமாகத்தான் வர வேண்டும். வேறு எண் வந்தால் யாரோ உள்ளே இருக்கிறார்கள். மாடிக்குத் தனி மீட்டர் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேமரா வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், 1,40,000-க்கு வேண்டாம். கேட்டுக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று, கீழ் ஹாலில் ஒன்று போதும். முப்பதாயிரத்துக்குள் முடியும். நம்மூரில் கேமராவின் எதிரி திருடன் இல்லை, பல்லி. மெயின் போர்டுக்குள் ஒரு பல்லி புகுந்தால் டிரிப் ஆகிவிடும், கேமரா கண்ணை மூடிக்கொள்ளும், சிங்கப்பூரிலிருந்து உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கேமராவுக்கும் வைஃபைக்கும் ஒரு சின்ன இன்வெர்ட்டர் போடுங்கள். வீட்டைப் பூட்டிக் கிளம்பும் முன் உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போங்கள். ரோந்து வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள், செலவும் இல்லை.

இன்ஷூரன்ஸுக்கு வருவோம். 2021 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் விற்கிற 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியை எடுங்கள். தீ, புயல், வெள்ளம் எல்லாம் அடங்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையைப் பார்த்த ஊருக்கு இது ஆடம்பரம் இல்லை. நிலத்தின் விலையைச் சேர்க்க வேண்டாம், திரும்பக் கட்டுகிற செலவு மட்டும்தான். 1,500 சதுர அடிக்கு சதுர அடி 2,500 ரூபாய் என்று போட்டால் 37.5 லட்சம். வீட்டுச் சாமானுக்கு அதில் 20 சதவீதம், அதாவது 7.5 லட்சம், தானாகவே சேர்ந்துவிடும். பிரீமியம் வருடத்துக்குச் சில ஆயிரங்கள்தான்.

ஆனால் பலர் கவனிக்காத ஒன்று: இந்தப் பாலிசியில் திருட்டு என்பது வெள்ளம், தீ போன்ற சம்பவத்தை ஒட்டி ஏழு நாளுக்குள் நடந்தால்தான் சேரும். சும்மா ஒரு ராத்திரி பூட்டை உடைத்தால் சேராது. அதற்குத் தனியாக 'பர்க்ளரி' (உடைத்துத் திருடுவதற்கான) பாலிசி வேண்டும். அதிலும் வீடு தொடர்ந்து 30 நாளோ 60 நாளோ ஆளில்லாமல் இருந்தால் பொறுப்பில்லை என்ற வரி பெரும்பாலும் இருக்கும். என்னிடம் சர்வேயர் கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கிறதா? வாங்கும் முன்பே, "கீழ்த்தளம் வருடத்தில் பத்து மாதம் பூட்டியிருக்கும், மாடியில் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள்" என்று மெயிலில் எழுதி, ஒப்புதலை எழுத்திலேயே வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வது கணக்கில் வராது.

சித்தப்பா மகன் விஷயம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஜெனரல் பவர் கொடுக்காதீர்கள். அதில் விற்கும் அதிகாரமும் சேர்ந்துவிட்டால், அவர் போடும் கையெழுத்து உங்கள் கையெழுத்து. ஸ்பெஷல் பவர் போதும். ஈபி, சொத்து வரி, குடிநீர் வாரியம், போலீஸ் புகார், இன்ஷூரன்ஸ் கிளெய்ம் என்று வேலைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதி, "விற்க, அடமானம் வைக்க, தானம் செய்ய அதிகாரம் இல்லை" என்ற வரியையும் சேருங்கள். சிங்கப்பூரில் இந்திய ஹைகமிஷனில் கையெழுத்திட்டு அனுப்பினால், இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். சொத்து வரியை நீங்களே ஆன்லைனில் கட்டலாம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் சலுகை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பாருங்கள், இலவசம்தான். உங்களுக்குத் தெரியாமல் பத்திரம் ஏதாவது பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

இப்போது அந்த உயில் விஷயம். மாமனார் உயில் எழுதாததால், நீங்கள் இந்துக் குடும்பம் என்ற அனுமானத்தில் சொல்கிறேன், அவர் சொந்தமாகச் சம்பாதித்த வீடு மாமியார், உங்கள் கணவர், நாத்தனார் மூவருக்கும் சமமாகச் சேரும். ஆனால் சொத்து வரியும் பட்டாவும் ஈபியும் இன்னும் மாமனார் பெயரில்தான் இருக்கும் என்பது என் ஊகம். இறந்தவர் பெயரில் உள்ள வீட்டுக்கு யார் இன்ஷூரன்ஸ் எடுப்பது, யார் வாடகை ஒப்பந்தம் போடுவது, யார் பவர் கொடுப்பது? நான் மேலே சொன்ன எதுவுமே இதைச் சரிசெய்யாமல் நிற்காது. விற்கும் பேச்சும் இது முடிந்த பிறகுதான். முடிந்தாலும் நான் அவசரப்பட மாட்டேன். திருட்டுப் பயத்தில் விற்கிற வீட்டுக்கு நல்ல விலை வராது.

முதலில் வாரிசுச் சான்றிதழ், பிறகு மூவர் பெயருக்கும் பட்டா, வரி மாற்றம். நாத்தனார் தன் பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால் விடுதலைப் பத்திரம் எழுதலாம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. மாமியாரின் பங்கை மட்டும் இப்போது வாங்காதீர்கள். அவர் காலம் வரை அது அவரிடமே இருக்கட்டும். உயில் எழுதச் சொல்லுங்கள், போதும்.

இதையெல்லாம் டிசம்பர் பயணத்தில் ஆரம்பித்துவிடலாம். நாத்தனாரையும் அந்த வாரம் சென்னைக்கு வரச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் இன்றே மாமியாரிடம் ஒன்றைக் கேளுங்கள்: வீட்டின் மூலப்பத்திரம் எங்கே இருக்கிறது? "வெட்டுவாங்கேணி வீட்டு பீரோவிலதான்" என்று பதில் வந்தால், டிசம்பர்வரை காத்திருக்காமல் அதற்காக மட்டுமே ஒரு டிக்கெட் போட்டு வந்துவிட்டுப் போங்கள்.