எக்செல் டேட்டா மாடலை பவர் பிஐக்கு மாற்றினால் எல்லாம் அப்படியே வருமா?

கேட்டவர் கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலை வாங்கும் பாக்டரியில் கணக்கு பார்ப்பவர். எக்செலில் டேபிள்களை இணைத்துக் கணக்குப் பார்க்க உதவும் பவர் பிவட்டில் விவசாயி, தேதி, இலை வரவு என்று மூன்று டேபிள் போட்டு இணைத்து வைத்திருக்கிறார்; அதுதான் டேட்டா மாடல். ரிப்போர்ட் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான பவர் பிஐயில் திரும்ப முதலிலிருந்து கட்ட வேண்டுமா என்பது கேள்வி.

வேண்டாம். பவர் பிஐ டெஸ்க்டாப்பில் ஃபைல், இம்போர்ட் போய் 'பவர் குவெரி, பவர் பிவட், பவர் வியூ' என்பதைத் தேர்ந்தெடுத்து உங்கள் ஃபைலைக் காட்டுங்கள். டேபிள்கள், அவற்றுக்கு இடையிலான உறவுகள், மெஷர்கள் (மாடலில் எழுதிய கணக்குகள்), குவெரிகள் (டேட்டாவை எடுத்துவரும் படிகள்) வந்துவிடும். ஷீட்டில் போட்ட பிவட் டேபிளும் சார்ட்டும் வராது, அதைப் புதிதாகத்தான் வரைய வேண்டும்.

ஷீட்டிலிருந்தே மாடலுக்குப் போன டேபிள் இருந்தால் 'காப்பி டேட்டா'வா, 'கீப் கனெக்ஷன்'னா என்று கேட்கும். தினமும் எடை ஏற்றுகிற ஷீட் என்றால் இரண்டாவதுதான். முதலாவதை அமுக்கிவிட்டு, மறுநாள் இலை ஏன் வரவில்லை என்று நானும் ஒருநாள் முழுக்க மண்டையை உடைத்திருக்கிறேன்.

செல்லில் எழுதிய ஃபார்முலாவை மெஷராக மாற்றும்போது சராசரி விலையைக் கவனியுங்கள். 100 கிலோ 20 ரூபாய்க்கும் 300 கிலோ 24 ரூபாய்க்கும் வாங்கினால் விலைப் பத்தியின் சராசரி 22 என்று காட்டும். உண்மையில் கொடுத்தது 9,200 ரூபாய், கிலோவுக்கு 23. ஆகவே மொத்தத் தொகையை மொத்தக் கிலோவால் வகுங்கள். விவசாயி வாரியாகப் பிரித்தாலும் சரியாக வரும்.

மாற்றிய பிறகு எக்செல் மாடலில் மெஷரைத் திருத்தினால் பவர் பிஐயில் மாறாது. இது தனி ஃபைல். இன்னொன்று, பவர் பிஐ டெஸ்க்டாப் என்பது விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.