பிரச்சார உத்திகளை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால், அவர்களே பிறரை ஏமாற்றக் கற்றுக்கொள்ள மாட்டார்களா?

இந்தப் பயம் எனக்கும் இருந்தது. சிங்கப்பூரில் உயர்நிலை மூன்று மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். ஆரம்பத்தில் உத்திகளை அடையாளம் காண மட்டுமே சொல்லிக்கொடுத்தேன். பட்டப்பெயர் சூட்டுவது, 'ஊரே இந்தப் பக்கம்' என்பது, சாதகமானதை மட்டும் அடுக்கிக் காட்டுவது என்று ஏழு உத்திகள் உண்டு. 1937ல் நியூயார்க்கில் தொடங்கிய பிரச்சாரப் பகுப்பாய்வுக் கழகம் வகுத்தவை. பிள்ளைகள் மனப்பாடம் செய்து சரியாகவே எழுதினார்கள். அன்று மாலையே, வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியைக் குடும்பக் குழுவில் பகிர்ந்தார்கள்.

அதன்பிறகுதான் அவர்களையே பிரச்சாரம் செய்ய வைத்தேன். அதற்கு வெளியூர் உதாரணம் தேவைப்படவில்லை. 1972ல் நம் அரசாங்கம் 'ஆணோ பெண்ணோ, இரண்டே போதும்' என்றது. 1987ல் அதே அரசாங்கம் 'வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ' என்றது. வகுப்பில் பாதிப் பேர் முதல் கருத்துக்குச் சுவரொட்டி வரையவேண்டும், மீதிப் பேர் இரண்டாவதற்கு. அடுத்த வாரம் பக்கம் மாறவேண்டும். ஒவ்வொரு சுவரொட்டியின் பின்பக்கத்திலும் 'நான் சொல்லாமல் விட்டது' என்று ஒரு பத்தி கட்டாயம்.

அந்தப் பத்திதான் என் பாடத்தின் உயிர். 'எல்லாக் குடும்பங்களும் இரண்டோடு நிறுத்திவிட்டன' என்று எழுதிய மாணவனிடம், "உங்கள் புளோக்கில் எத்தனை வீட்டில் கேட்டாய்?" என்றேன். அவனே அடித்துவிட்டு வேறு எழுதினான். ஏமாற்று எது, நியாயமாக மனத்தை மாற்றுவது எது என்று நான் பிரசங்கம் செய்திருந்தால் அது அவனுக்குப் புரிந்திருக்காது.

ஒரு மாணவி தன் சுவரொட்டியைப் பாட்டியிடம் காட்டியிருக்கிறாள். சிரிக்கும் இரண்டு சிறுமிகளை அழகாக வரைந்திருந்தாள். பாட்டி வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, "மூணாவது வயித்துல இருந்தப்ப இந்த மாதிரிப் படம் ஆஸ்பத்திரிச் சுவர்ல இருந்துச்சும்மா. அதுக்கு எதிர்ல உட்காரவே கூச்சமா இருக்கும்" என்றாராம். பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக்கூட அரசு மருத்துவமனையில் பிரசவக் கட்டணமும் கூடிய காலம் அது. சுவரொட்டியில் அதெல்லாம் இருக்காது.

அந்த மூன்றாவது பிள்ளைதான் அவளுடைய அப்பா.

மறுநாள் அவள் சுவரொட்டியை மாற்றவில்லை. பின்பக்கப் பத்தியை மட்டும் ஒரு பக்கத்துக்கு நீட்டி எழுதிக்கொண்டு வந்தாள்.